அப்பா வாக்களிக்கப் போன வழி

அப்பா நவம்பரில் இறந்தார். ஜூலையில் தொற்று வந்தது, போனது. போகும்போது நுரையீரலில் பாதியைக் கூடவே கொண்டுபோனது. அடக்கத்துக்கு வந்த டிரைவர்கள், எலியோதோரோ லாருத்தா ஒரு விபத்துகூட இல்லாமல் மினிபஸ் ஓட்டிய மனிதர் என்று பேசினார்கள். உண்மையில் இரண்டு விபத்துகள். ஒன்று அவர் தப்பு. சவப்பெட்டியின் முன்னால் நின்று அதைத் திருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அவரைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது வேறு. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வாக்களிக்கப் போனார். கூடப் போனது நானும் இன்னொருவரும்.

மலைமேல் நகரமான எல் ஆல்தோவில், வில்யா அதேலா என்ற பகுதியில் எங்கள் வீடு. அப்பாவின் மினிபஸ் லைன் அங்கே புறப்பட்டு ரியோ செக்கோவில் முடியும். முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஒரே சாலை. இங்கே வாக்களிப்பது கட்டாயம்; தேர்தலன்று மோட்டார் எதுவும் சாலைக்கு வரக்கூடாது. அனுமதி வாங்கிய வண்டிகள் மட்டும் ஓடும். பெரிய சாலையின் நடுவில் பிள்ளைகள் பந்து விளையாடும். எல்லோரும் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு நடந்துபோய் வாக்களித்துவிட்டு, வழியில் எதையாவது வாங்கித் தின்றுகொண்டு திரும்புவார்கள்.

அப்பாவின் லைன்காரர்களுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. காரணம் அவர்களே. விரல்ரேகை எடுத்து வாக்காளர்களைப் புதிதாகப் பதிந்த வருடம், ரியோ செக்கோவில் வண்டிகள் திரும்பும் இடத்துக்கு எதிரே இருந்த பள்ளியில் மேசை போட்டிருந்தார்கள். தங்கள் முறைக்காக வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்த டிரைவர்கள், சும்மா நிற்பானேன் என்று உள்ளே போய்ப் பதிந்துகொண்டார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர், லைன் முழுக்க. முறையும் தப்பவில்லை, வேலையும் முடிந்தது. தங்களைப்போலக் கெட்டிக்காரர்கள் உண்டா என்று இருந்தார்கள். அடுத்த தேர்தலன்று காலையில்தான் உறைத்தது. வீடு இந்த முனையில், வாக்குச்சாவடி அந்த முனையில். நடுவில் அவர்களுடைய லைன் முழுவதும் கிடக்கிறது, ஓட்ட வண்டி இல்லை.

நடந்தார்கள். முகவரியை மாற்றிப் பதிந்திருக்கலாம். யாரும் மாற்றவில்லை. அது வழக்கமாகிவிட்டது. வண்டியின் முறை எண்படி வரிசையாக நடப்பார்கள், முந்தினால் சண்டை. நிறுத்தம் வரும் இடத்திலெல்லாம் நின்று ஊர்ப்பெயர் கூவுவார்கள். வாசலில் யாராவது பெண்மணி நின்றால், "பின்னாடி ரெண்டு இடம் காலி, ஏறுங்க!" அப்பாவுக்கு அடுத்த எண் குமெர்சிந்தோ தார்க்கி. எனக்கு ஞானஸ்நானத் தகப்பன். நான் அவரைப் பாத்ரினோ என்பேன். அந்த உறவில் அவரும் அப்பாவும் ஒருவரை ஒருவர் கொம்பாத்ரே என்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, போன வருடம் வரைக்கும்.

போன வருடம் தேர்தல் நடந்தது. எண்ணிக்கை பாதியில் நின்றது. இரண்டு பக்கமும் திருட்டு என்று கத்தின. கடைசியில் தேர்தலே செல்லாது என்றார்கள், ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனார், மூலைக்கு மூலை டயர் எரிந்தது. எங்கள் குடியிருப்புச் சங்கம் சாலைத் தடுப்பில் காவல் நிற்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்தது. அப்பா போனார். முறை வைக்காவிட்டாலும் போயிருப்பார், அவர் ஜனாதிபதியின் பக்கம். பாத்ரினோ எதிர்ப்பக்கம். நவம்பரில் ஒருநாள் வேறொரு மூலையில் மறித்த கூட்டம் அவருடைய மினிபஸ்ஸைக் கொளுத்தியது. அப்பா அங்கே இல்லை. அதைச் சொல்லப் போனபோது பாத்ரினோ கதவைப் பாதிதான் திறந்தார்.

"எந்த மூலைன்னு எனக்கு வேண்டாம். நீங்களும் டயர் உருட்டுன ஆளுதானே, தோன் எலியோதோரோ."

கொம்பாத்ரே போய், மரியாதைப் பேர் வந்துவிட்டது. அதோடு பேச்சு நின்றது. லைனும் இரண்டு சங்கமாக உடைந்தது.

புதிய தேர்தலைத் தொற்று இரண்டு முறை தள்ளிவைத்தது. அக்டோபரில் வைத்தபோது அப்பா ஆக்ஸிஜனில் இருந்தார். நான் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பவள். இந்த வருடம் முழுக்க ஆக்ஸிஜன் கருவிகள்தான். வீட்டிலும் ஒன்று வைத்திருந்தேன், கரண்டில் ஓடுவது. வெளியே போக ஒரு சின்ன சிலிண்டர். ஊரில் சிலிண்டருக்கு அடித்துக்கொண்ட நேரம், எனக்கு ஒன்றுதான் கிடைத்தது.

சனிக்கிழமை சூப் குடித்துக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?"

"எங்க?"

"ரியோ செக்கோ."

"அப்பா, எழுபது தாண்டினவங்களுக்குக் கட்டாயம் இல்ல. அபராதம் இல்ல. பேங்க்ல ஓட்டுப் போட்ட சீட்டைக் காட்டுன்னு கேக்க மாட்டாங்க."

"இத்தனை வருஷம் கட்டாயத்துக்குத்தான் போனேனா, நானாப் போனேனான்னு எனக்கே தெரியாது. நாளைக்குத்தான் தெரியும்."

கணக்காகச் சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன். "நீங்க இந்தப் பக்கம் போடுவீங்க. பாத்ரினோ அந்தப் பக்கம் போடுவாரு. ஒண்ணு கூட்டல், ஒண்ணு கழித்தல். பூஜ்யம். ரெண்டு பேரும் வீட்ல படுத்திருந்தாலும் அதே பூஜ்யம்தான்."

"அவன் வீட்ல படுத்திருக்கப் போறானா?"

"இல்ல. அவரு போவாரு."

"அப்புறம் எங்கடி பூஜ்யம்?"

வேறு வழியில் போனேன். "போன வருஷம் போட்டீங்க. என்னாச்சு? குப்பைல போட்டாங்க. இந்த வருஷமும் போடமாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

கரண்டியைக் கீழே வைத்தார். நீளமாகப் பேச வேண்டுமென்றால் முதலில் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"எழுபத்தெட்டுல போட்டேன். செல்லாதுன்னாங்க. எழுபத்தொம்பதுல போட்டேன். கொஞ்ச மாசத்துல சிப்பாய் வந்தான். எண்பதுல போட்டேன். மறுபடி சிப்பாய் வந்தான். மூணு தடவை போட்டு மூணும் போச்சுன்னு உன் பாட்டன் சிரிச்சாரு. ரெண்டு வருஷத்துல சிப்பாயால நாட்டை வச்சு மேய்க்க முடியல. என்ன பண்ணுனாங்க? புதுசாத் தேர்தல் வச்சாங்களா? இல்ல. எண்பதுல ஜெயிச்ச அதே சபையைக் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. என் ஓட்டு ரெண்டு வருஷம் இருட்டுல கெடந்து, அப்புறம் எந்திரிச்சு வேலை செஞ்சுச்சு."

"கப்பாசிட்டர் மாதிரி."

"அது என்னமோ. நீ படிச்சவ."

போட்டிருந்ததால்தான் எடுக்க இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கு அது அப்போதே விளங்கிவிட்டது. விளங்கியதில் எரிச்சல்தான் வந்தது. எனக்கு வேண்டியது அவர் மூச்சு. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"சிலிண்டர் முள் பாதிக்கு வந்தா, எந்த இடமா இருந்தாலும் திரும்பறோம். பள்ளிக்கூட வாசலா இருந்தாலும் சரி. போக எவ்வளவோ வர அவ்வளவு வேணும்."

"டிரைவர்கிட்டப் போய் முள் பாக்கச் சொல்லித் தர்றா, பாரு."

மறுநாள் காலையில் எங்கள் தெருப் பள்ளியில் என் வாக்கைப் போட்டேன். கூட்டத்தைக் குறைக்க அடையாள அட்டையின் கடைசி எண்படி காலை, மதியம் என்று பிரித்திருந்தார்கள். அப்பாவுக்கு மதியம். எதிர்வீட்டுத் தோன்யா பெர்பெத்துவா சந்தையில் கிழங்கு விற்பவர். அவருடைய தள்ளுவண்டியைக் கேட்டேன்.

"அலுங்காமக் கொண்டு வா," என்றார். "ஆளைச் சொல்லல. வண்டியைச் சொல்றேன்."

மெத்தை விரித்து, அப்பாவை முன்னால் பார்த்து உட்காரவைத்து, சிலிண்டரை முழங்காலுக்கு நடுவில் கட்டினேன். கிழங்கு மூட்டையாகிவிட்டோமே என்று ஒரு நிமிடம் முகம் சுளித்தார். சாலைக்கு வந்ததும் அது போய்விட்டது. ஓட்டத் தொடங்கிவிட்டார்.

"இடது ஓரம் வா. குழி, குழி! என்ன இது, பிரேக்கே போட மாட்டியா நீ?"

"பிரேக் இல்லப்பா இதுல."

"அப்ப மெதுவாப் போகணும். டிரைவர்னா அது தெரியணும்."

காற்று குளிர்ந்தது, வெயில் சுட்டது. இரண்டும் சேர்ந்துதான் எங்கள் அக்டோபர். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே தள்ளினேன். மீட்டர் அவர் பக்கம் திரும்பி இருந்தது. எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கையால் மறைத்தார்.

இந்த முறை வரிசை இல்லை. லைன்காரர்கள் இரண்டு பேர், மூன்று பேராக, அவரவர் சங்கத்து ஆட்களோடு முன்னும் பின்னும் போனார்கள். யாரும் நிறுத்தத்தில் நின்று கூவவில்லை. அப்பாவைப் பார்த்துச் சிலர் தொப்பியைத் தொட்டார்கள். சிலர் பந்து விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தார்கள்.

ரவுண்டானா ஓரக் கல்லில் பாத்ரினோ தனியாக உட்கார்ந்து பாலாடைக்கட்டியும் அவித்த கிழங்கும் தின்றுகொண்டிருந்தார். வணக்கம் சொல்லாமல் போக முடியாது. சொன்னேன்.

"வா மகளே. நல்லா இருக்கியா? அந்த மூட்டை என்ன விலை?"

"இவர்கிட்டச் சொல்லு," என்றார் அப்பா என்னிடம், "மூட்டை விக்கிறதுக்கு இல்லன்னு."

"தோன் எலியோதோரோவுக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன். செத்தாச் சொல்லி அனுப்புவாங்கன்னு இருந்தேன்."

"அவ்வளவு அவசரம் வேண்டாம்னு சொல்லு. இவங்களத் தோக்கடிச்சிட்டுச் சாவகாசமாப் போறேன்."

பாத்ரினோ கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சாலையின் அந்த ஓரமாக நடக்கத் தொடங்கினார். நாங்கள் இந்த ஓரம். கொஞ்ச தூரம் அப்படியே போனோம். பிறகு முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. போன வருடம் மறியலுக்காகச் சாலைக்குக் குறுக்கே வெட்டிய பள்ளம். மேலே மண்ணை அள்ளிப் போட்டு மூடியிருந்தார்கள். தள்ளினேன். இழுத்தேன். சிலிண்டர் ஆடியது. அப்பாவின் மூச்சு வேகமானது.

அந்த ஓரத்திலிருந்து குரல் வந்தது. "அந்தக் குழியை யாரு வெட்டுனாங்கன்னு உங்கப்பாவக் கேளு."

"நான் வெட்டுனா இவ்வளவு கோணலா வெட்டியிருக்க மாட்டேன்னு சொல்லு."

பாத்ரினோ சாலையைக் கடந்து வந்தார். ஒன்றும் பேசாமல் முன்சக்கரத்தின் அச்சைப் பிடித்துத் தூக்கினார். வண்டி ஏறியது. ஏறிய பிறகும் கைப்பிடியை விடவில்லை. என்னை இடுப்பால் ஒதுக்கிவிட்டுத் தள்ளினார்.

"பாத்ரினோ, வேண்டாம். உங்களுக்கு எதிரா விழப்போற ஓட்டு இது."

"தெரியும். இவருக்காகத் தள்ளல. எனக்காகத் தள்றேன்." அவருக்கும் மூச்சு வாங்கியது, ஆனாலும் பேசினார். ஒரு வருடமாக அப்பாவிடம் பேசாததையெல்லாம் என்னிடம் பேசுகிற மாதிரி இருந்தது. "போன வருஷம் இவங்க என்ன சொன்னாங்க? எங்க ஓட்டத் திருடிட்டாங்கன்னாங்க. நாங்க என்ன சொன்னோம்? அதையேதான் சொன்னோம். ரெண்டு கூட்டமும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கிட்டு ரோட்டுக்கு வந்துச்சு. நடுவுல என் வண்டி நின்னுச்சு. இன்னைக்கு இவரு வீட்ல படுத்துக்கிட்டா, நாளைக்குத் தோத்ததும் என்ன சொல்வாரு? என்னைப் போடவிடல, அதான் தோத்தோம்பாரு. அந்தப் பேச்சே இருக்கக் கூடாது. போடட்டும். எல்லாரு கண்ணு முன்னாடியும் எண்ணட்டும். எண்ணித் தோக்கட்டும்."

"எண்ணி இவரு தோத்தா வாயை மூடிக்குவாரான்னு கேளு," என்றார் அப்பா.

"மூடிக்குவேன்னு சொல்லு."

"இத்தனை வருஷத்துல இவரு வாய் மூடி நான் பாத்ததே இல்லன்னு சொல்லு."

சொல்லவில்லை. இருவருக்கும் காது கேட்கிறது.

ரியோ செக்கோ பாலத்தில் சிப்பாய்கள் நின்றார்கள். முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. ஒருவன் கையை நீட்டினான்.

"வண்டிக்கு அனுமதி?"

"இது தள்ளுவண்டி," என்றேன்.

"சக்கரம் இருந்தா வண்டி. அனுமதி இல்லாமப் போகக் கூடாது."

"தம்பி," என்றார் பாத்ரினோ, "மோட்டார் எங்க இருக்குன்னு காட்டு. நான்தான் மோட்டார். அவிச்ச கிழங்குல ஓடறேன். எனக்கு அனுமதி வேணுமா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிப்பாய்க்கு அது பிடிக்கவில்லை. ஓரமாக நிறுத்தச் சொன்னான். அதிகாரி வரட்டும் என்றான். அதிகாரி பாலத்தின் அந்த முனையில் இருந்தார், யாரோடோ தொலைபேசியில் பேசிக்கொண்டு. நின்றோம். சிலிண்டர் நிற்கவில்லை. அப்பாவின் கையை விலக்கிவிட்டு முள்ளைப் பார்த்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே.

அப்பா சிப்பாயைப் பார்த்தார். "நான் ஓட்டுப் போடப் போறேன். நிறுத்தறதா இருந்தா நிறுத்து. ஆனா உன் பேரைச் சொல்லு. வீட்ல சொல்றதுக்குப் பேர் வேணும்."

கெட்ட வார்த்தை இல்லை, குரல் உயரவில்லை. அந்தச் சிப்பாய் பேரைச் சொல்லவில்லை. அதிகாரி வந்தார், மூக்கில் இருந்த குழாயைப் பார்த்தார், என் மருத்துவமனை அட்டையைப் பார்த்தார், போகச் சொன்னார்.

பாலத்தைத் தாண்டிப் பள்ளியின் மதில் தெரிந்தபோது முள் பாதியில் நின்றது.

"நிறுத்துங்க, பாத்ரினோ."

அவர் நிறுத்தினார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும்.

"அப்பா. பாதி வந்தாச்சு. திரும்பறோம்."

"சரிம்மா," என்றார். குனிந்து, நடுங்கும் விரலால் சிலிண்டரின் திருகை மூடினார். மூக்கிலிருந்து குழாயை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "இப்ப முள் நகராது. பாதி பாதியாவே இருக்கும். அது திரும்பறதுக்கு. நீ கேட்ட கணக்கு."

"விளையாடாதீங்க."

"உன் நிபந்தனையை நான் மீறல. தள்ளச் சொல்லு அந்தாளை."

பாத்ரினோ என்னைப் பார்த்தார். தள்ளவில்லை. நான் சொல்ல வேண்டும் என்று நின்றார். அப்பாவின் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவியை மாட்டினேன். எங்கள் ஊர் இருக்கும் உயரத்தில் நல்ல உடம்புக்கே எண் குறைவாகத்தான் காட்டும்; அப்பாவுடையது கண் முன்னால் இறங்கியது. இறங்கும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். திரும்பினால் பத்திரம். போனால் பத்திரமில்லை, ஆனால் முடியாததும் இல்லை. அவர் ஓர் இயந்திரமாக இருந்தால் நிறுத்தியிருப்பேன். அது என்னிடம் எதுவும் கேட்டிருக்காது.

குழாயை மறுபடி மூக்கில் வைத்தேன். திருகைத் திறந்து, ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தேன். "பேசக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் திரும்பிடுவேன்."

அவர் தலையாட்டினார். "தள்ளுங்க," என்றேன்.

அவர் வாக்களிக்க வேண்டிய மேசை மாடியில். வாக்குச்சீட்டைக் கீழே கொண்டுவர விதியில் இடமில்லை என்றார் மேசைத் தலைவி. சீட்டுக் குலுக்கி அந்த வேலைக்குப் பிடித்த ஆள், அழகு நிலையம் வைத்திருப்பவள். தப்பு செய்துவிடுவோமோ என்று பயந்துபோயிருந்தாள். அவளிடம் சண்டை போடவில்லை. காவலாளியிடம் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி அப்பாவை உட்காரவைத்து, பாத்ரினோ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தூக்கினோம். படிக்கட்டில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். நடுப்படியில் பாத்ரினோ நின்று மூச்சு வாங்கினார்.

"இந்தப் பயணி ரொம்பக் கனம். ரெண்டு டிக்கெட் வாங்கணும்."

அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

வரிசையில் எங்களை முன்னால் விட்டார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு, மறைப்புத் துணிக்குப் பின்னால் நாற்காலியோடு போனார். துணைக்கு வரலாம் என்றாள் தலைவி. அப்பா என்னை விரலால் வெளியே காட்டினார். குழாய் நீளம் போதவில்லை. சிலிண்டரைத் துணியை ஒட்டி வைத்துக் குழாயை அடியில் விட்டேன்.

நேரம் போனது. ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்? பின்னால் நின்றவர்கள் கால் மாற்றினார்கள். துணிக்கு அடியில் அப்பாவின் காலணி தெரிந்தது, அசையவில்லை. சிலிண்டரில் மாட்டியிருந்த நீர்ப் புட்டியில் குமிழ் வந்துகொண்டே இருந்தது. மற்றவர்கள் அதைப் பார்த்து நிம்மதியாக நின்றிருக்கலாம். எனக்கு அது முடியவில்லை. குமிழ் சிலிண்டரைப் பற்றித்தான் சொல்லும். குழாயின் அந்த முனையில் யாராவது மூச்சு விடுகிறார்களா என்று சொல்லாது.

"அப்பா?"

பதில் இல்லை.

தலைவி எழுந்தாள். பார்க்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பாத்ரினோ துணியை நோக்கி ஓரடி வைத்தார். "கொம்பாத்ரே," என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "கொம்பாத்ரே, இருக்கியா?"

"கத்தாதடா," என்றது துணி. "வேலையா இருக்கேன்."

வரிசையே சிரித்தது. பாத்ரினோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா வந்து, சீட்டைத் தானே பெட்டியில் போட்டார். விரல்ரேகை வைத்தார். வெளியே வந்ததும் எண்ணிக்கை முடியும்வரை இருப்பேன் என்றார். முடியாது என்றேன். இது நிபந்தனையில் இல்லாத விஷயம், ஆனாலும் அவர் வாதாடவில்லை. உதடு நீலமாகியிருந்தது.

"நீ போ," என்றார் பாத்ரினோ. "நான் இருந்து பாக்கறேன். என் மேசையும் இதே மாடிதான்."

"எங்க பக்கத்தையும் சேத்துப் பாரு," என்றார் அப்பா.

"எல்லாப் பக்கத்தையும் பாப்பேன். கண்ணு ரெண்டு இருக்கு."

திரும்பும் வழியில் அப்பா தூங்கினார். நான் நூறு அடிக்கு ஒருமுறை அவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் முள் சிவப்பில் இருந்தது. கரண்ட் கருவியில் மாட்டி, அவர் நிறம் திரும்பும்வரை பக்கத்திலேயே நின்றேன். தோன்யா பெர்பெத்துவா வந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வண்டியைக் கொண்டுபோனார்.

மறுநாள் காலை பாத்ரினோ வந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு எங்கள் வாசல். குரல் கட்டியிருந்தது. சூடான சோள பானம் ஒரு கோப்பை கொடுத்தேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தோத்துட்டேன்," என்றார். "உன் மேசைலயும், என் மேசைலயும். நாட்டுலயும்னு ரேடியோ சொல்லுது. நல்லா எண்ணுனாங்க. ஒவ்வொரு சீட்டையும் விரிச்சு எல்லாருக்கும் காட்டி, கரும்பலகைல கோடு போட்டாங்க."

"குரல் எங்க போச்சு?" என்றார் அப்பா.

"உன்னாலதான். உன் மேசைல ஒரு சீட்டு. கோடு கட்டத்துல ஆரம்பிச்சு வெளிய ஓடி, ஆடி, எங்கயோ போய் நின்னுச்சு. உங்க கட்டம். எங்க கட்சி ஆளு செல்லாதுன்னான். அந்தப் பொண்ணும் செல்லாதுன்னு எழுதப் போனா. நான் எந்திரிச்சுட்டேன். இது மூச்சு முட்டற மனுஷன் கைம்மா, எங்க ஆரம்பிக்குதுன்னு பாரு, எங்க முடியுதுன்னு பாக்காதேன்னு கத்துனேன். எங்க ஆளு என்னைத் துரோகின்னான். சட்டையைப் புடிச்சான். நானும் புடிச்சேன். கடைசில மேசையில இருந்த எல்லாரும் சேந்து பாத்து, செல்லும்னு எழுதுனாங்க."

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்னுது இல்ல," என்றார்.

"என்ன?"

"என்னுது சின்னதா ஒரு பெருக்கல் குறி. கட்டத்துக்கு நடுவுல. கை நிக்கற வரைக்கும் உக்காந்திருந்து போட்டேன். அதான் அவ்வளவு நேரம்."

பாத்ரினோ கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப எவன் ஓட்டுக்காகடா நான் சட்டையைக் கிழிச்சுக்கிட்டேன்?"

"தெரியல. எங்க ஆளு எவனோ. குடிச்சிருப்பான். அவன் சார்புல நன்றி."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலானது. நான் ஓட்டத்தைக் கூட்டினேன். பாத்ரினோ அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். இருமல் அடங்கியதும் அப்பா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் கோப்பையை எடுத்தேன்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார் கண்ணைத் திறக்காமல். "மொதல்லேர்ந்து. ஒவ்வொரு மேசையா."

பாத்ரினோ தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் தோற்ற கணக்கை முதல் மேசையிலிருந்து சொல்லத் தொடங்கினார்.